விட்ரியாலிக்: ஒரு சுடுசொல்லின் பூர்வோத்தரம்

கேள்வி

ஆங்கிலத்தில் ஒருவருடைய பேச்சோ எழுத்தோ வரம்பு கடந்த துவேஷத்தோடு மற்றொருவர்மேல் பாயும்போது, அதற்கு விசேஷணமாக ‘விட்ரியாலிக்’ என்னும் சொல்லைப் பிரயோகிப்பது வழக்கம். இலக்கிய விமர்சனத்திலும், தேர்தல் பிரசாரத்தைப் பற்றிய தலையங்கத்திலும், அரசியல்வாதிகளின் வாழ்க்கைச் சரித்திரங்களிலும் அடிக்கடி கண்ணில் படும் இச்சொல்லின் மூலத்தை அறிய விரும்பி அகராதியைப் புரட்டுகிறவர், அது லத்தீனில் கண்ணாடியைக் குறிக்கும் ‘விட்ரும்’ என்பதிலிருந்து வந்தது என்று கண்டு சிறிது திகைக்கவே செய்வார். கண்ணாடி உடைந்தால் கிழிக்கும், ஆகவே கிழிக்கும் பேச்சுக்கு அந்தப் பெயர் வந்தது என்று சமாதானம் செய்துகொள்வோரும் உண்டு. அந்தச் சமாதானம் பிழையானது. கண்ணாடியின் கூர்மைக்கும் இச்சொல்லின் கடுமைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

பொதுவாகச் சொல்லப்படும் விடை வேறொன்று. விட்ரியால் என்பது கந்தகத் திராவகத்தின் பழைய பெயர். திராவகம் பட்டதை எரித்து அரிக்கும். அவ்வாறே மனத்தை எரித்து அரிக்கும் பேச்சுக்கும் அப்பெயர் ஆகிவந்தது என்பர். இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் குறை உண்டு. விட்ரியால் என்னும் பெயர்ச்சொல் 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் புகுந்துவிட்டது. ‘விட்ரியாலிக்’ என்னும் விசேஷணம் 17ஆம் நூற்றாண்டில் ரசாயனச் சொல்லாகத் தோன்றியது. பெயர்ச்சொல் மனக்கசப்பையும் சொற்கொடுமையையும் குறிக்கத் தொடங்கியதோ 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அகராதிக்காரர்கள் 1769ஆம் ஆண்டைக் குறிப்பார்கள். விசேஷணம் அந்தப் பொருளைப் பெற்றது அதற்கும் பின்னால், 19ஆம் நூற்றாண்டில். திராவகத்தின் அரிக்கும் குணம் நெடுங்காலமாகத் தெரிந்திருக்க, அந்தக் குணம் நாவின்மேல் ஏற்றிச் சொல்லப்படுவதற்கு ஏன் இத்தனை காலம் ஆயிற்று? இந்த இடைவெளியை விளக்காத எந்த விடையும் பூரணமான விடை ஆகாது என்பது என் அபிப்பிராயம்.

கண்ணாடி என்ற பெயர்

ரோமாபுரி ஆசிரியர் பிளினி, தம்முடைய ‘இயற்கை வரலாறு’ என்னும் பெருநூலின் 34ஆம் பாகத்தில், ஸ்பெயின் தேசத்தில் ஒரு வகை உப்பு உற்பத்தியான விதத்தை வர்ணிக்கிறார். தாதுக் கலந்த ஊற்று நீரைக் காய்ச்சி மரத்தொட்டிகளில் விட்டு, கல்லைக் கட்டிய கயிறுகளை அவற்றுள் தொங்கவிடுவார்களாம். நாளடைவில் அக்கயிறுகளில் திராட்சைக் குலை போல நீலப் படிகங்கள் திரண்டு நிற்குமாம். அவற்றின் பளபளப்பைப் பார்ப்பவர்கள் கண்ணாடி என்றே கருதுவார்களாம். பிளினி இப்பொருளுக்கு வழங்கிய பெயர்கள் வேறு. தோலுக்குக் கறுப்பு ஏற்ற உதவியதால் செருப்புத் தொழிலாளரின் கறுப்பு என்றும் அதனைச் சொன்னார்கள். எனினும் கண்ணாடி போன்றது என்னும் அந்தத் தோற்றமே பிற்காலத்தில் நிலைத்தது. ‘விட்ரியோலும்’ என்ற இடைக்கால லத்தீன் சொல்லும், அதிலிருந்து பிரெஞ்சு மொழியின் வாயிலாக ஆங்கிலச் சொல்லும் உண்டாயின.

இப்பெயரால் குறிக்கப்பட்ட உப்புகள் பல. நீல விட்ரியால் நாம் துருசு என்றும் மயில்துத்தம் என்றும் சொல்லும் சரக்கு. பச்சை விட்ரியால் அன்னபேதி. வெள்ளை விட்ரியால் வெள்ளைத்துத்தம். நம் சித்த வைத்தியர்களுக்கும் நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கும் பழக்கமான இவை, உலோகங்கள் கந்தகத் திராவகத்தோடு கூடிப் பிறந்த உப்புகள் என்பது பிற்கால ரசாயனத்தின் முடிபு. நாம் அறிய வேண்டியது, விட்ரியால் என்னும் சொல் பல நூற்றாண்டுகள் இந்தத் திடமான உப்புகளையே குறித்தது என்பதாகும். அவை சாயக்காரனுக்கும், தோல் பதனிடுவோனுக்கும், வைத்தியனுக்கும் உபயோகமான சாதாரணச் சரக்குகள். சாசர் தம் காண்டர்பரிக் கதைகளில் ரசவாதியின் அடுக்களையைக் கேலி செய்யும் இடத்தில் விட்ரியாலையும் பல பொருள்களோடு ஒன்றாக அடுக்குகிறார். அங்கே அதற்குத் தனிப்பட்ட கொடுமை எதுவும் கற்பிக்கப்படவில்லை.

ரசவாதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ரோமன் எழுத்தில் எழுதிய ‘விட்ரியால்’ என்பதன் ஏழு எழுத்துக்களையும் ஏழு லத்தீன் சொற்களின் முதலெழுத்துக்களாகக் கொண்டு, பூமியின் உட்புறத்தை நாடிச் சென்று தூய்மை செய்வோர் மறைந்திருக்கும் கல்லைக் காண்பர் என்று பொருள்படும் ஒரு சூத்திரத்தை அவர்கள் அமைத்தார்கள். சொல்லே இச்சூத்திரத்திலிருந்து பிறந்ததென்று சிலர் எழுதியிருப்பதை ஒப்புவதற்கில்லை. சூத்திரம் எழுந்த காலத்துக்குப் பல தலைமுறை முன்பே சொல் வழக்கில் இருந்தது. சொல்லைப் பார்த்துச் சூத்திரம் கட்டினார்களே தவிர, சூத்திரத்தால் சொல் உண்டாகவில்லை. அன்றியும், ரசவாதிகளின் விட்ரியால் ஞானத்துக்கும் சுத்திக்கும் அடையாளமாக நின்ற பொருள். அதிலிருந்து துவேஷம் என்ற அர்த்தம் பிறக்க வழியே இல்லை.

மைக்கூட்டிலிருந்து வந்ததா?

இங்கே ஒரு கவர்ச்சியான யூகத்தைப் பரிசீலிக்க வேண்டும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதப் பயன்பட்ட கறுப்பு மை, மாசிக்காய்க் கஷாயத்தில் அன்னபேதியையும் பிசினையும் சேர்த்துச் செய்தது. நம் நாட்டிலும் கடுக்காயோடு அன்னபேதியைச் சேர்த்து மை காய்ச்சியதுண்டு. ஆகவே எழுத்தாளனுடைய மைக்கூட்டில் விட்ரியால் உண்மையாகவே கலந்திருந்தது. அந்த மை, சேர்மானம் தவறினால், காலப்போக்கில் காகிதத்தையே அரித்துத் துளையிடும் என்பது சுவடி பாதுகாப்போர் யாவரும் அறிந்தது. அப்படியிருக்க, விட்ரியாலில் தோய்ந்த பேனா என்னும் வழக்கு இந்த மையிலிருந்தே எழுந்திருக்கலாகாதா?

யூகத்துக்கு ஆதரவாக ஷேக்ஸ்பியரையும் அழைக்கலாம். மாசிக்காய்க்கும் பித்தத்துக்கும் ஆங்கிலத்தில் ‘கால்’ என்று ஒரே ஒலியில் பெயர் இருப்பதைப் பற்றிக்கொண்டு, ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில், மையில் அது போதிய அளவு இருக்கட்டும் என்று ஒரு பாத்திரம் சிலேடையாகப் பேசுவதுண்டு. மைக்கும் சொல்லின் கசப்புக்கும் முடிச்சுப் போடும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்ததென்பதற்கு இது நல்ல சான்று.

ஆயினும் இந்த யூகம் நிற்காது என்றே கருதுகிறேன். அந்தச் சிலேடை பித்தத்தின் கசப்பைப் பற்றியதே ஒழிய, உப்பின் அரிப்பைப் பற்றியதன்று. மேலும் மை காய்ச்சியவர்களும் சாயத் தொழிலாளர்களும் அன்னபேதியை அன்றாடப் பேச்சில் ‘காப்பரஸ்’ என்றே அழைத்தார்கள். கென்ட் மாகாணத்துக் கடற்கரையில் விட்ஸ்டபிள் போன்ற ஊர்களில் அதை உற்பத்தி செய்த தொழிற்சாலைகளுக்கும் அந்தப் பெயரே வழங்கிற்று. மையிலிருந்து உருவகம் பிறந்திருக்குமானால், மைக்காரனின் வாயில் வழங்கிய சொல்லே அதற்குக் கிடைத்திருக்க வேண்டும். காப்பரஸ் என்ற சொல் சுடுபேச்சுக்குப் பெயராகாமல் போயிற்று. எனவே வேறிடத்தில் தேடுவோம்.

எண்ணெயும் அதன் விலையும்

அன்னபேதியை வாலையில் இட்டுக் கடுமையாகச் சூடேற்றினால், செந்நிற இரும்புப் பொடி அடியில் தங்க, புகையாக எழுந்து குளிர்ந்து வடியும் திரவம் எண்ணெயைப் போலக் கனமாகவும் வழவழப்பாகவும் இருக்கும். அதனால்தான் அதற்கு விட்ரியால் எண்ணெய் என்று பெயரிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வைத்தியர்களுக்கும் ரசாயனிகளுக்கும் அது நன்கு தெரிந்திருந்தது. ஆனால் அந்த அறிவு ஒரு சிறு கூட்டத்தின் சொத்து. நாள் முழுவதும் அடுப்பெரித்துச் சொற்பமாக வடித்தெடுத்த அந்தத் திரவத்தின் விலை அதிகம். மருந்துக் கடையில் சிறு புட்டிகளில் இருந்த ஒரு பொருள் கைமேல் பட்டால் என்ன ஆகும் என்பது சாமானிய ஜனங்களுக்கு அனுபவத்தால் தெரிய நியாயமில்லை. அனுபவத்தில் இல்லாத பொருள் பொதுப் பேச்சில் உவமை ஆவது அரிது. இச்சொல்லின் நெடிய மௌனத்துக்குக் காரணம் இதுவே என்று நான் நினைக்கிறேன்.

அந்த மௌனம் கலைந்ததற்கு மூன்று மனிதர்களைச் சொல்லலாம். முதல்வர் ஜோஷுவா வார்டு. லண்டனில் மாத்திரை விற்றுப் பெயரும் வசையும் தேடிக்கொண்ட அவர், 1730களில் தேம்ஸ் நதிக்கரையில், பெரிய கண்ணாடிக் குடங்களில் கந்தகத்தையும் வெடியுப்பையும் எரித்துத் திராவகத்தை ஏராளமாக உற்பத்தி செய்தார். விலை பல மடங்கு இறங்கிற்று. இரண்டாமவர் ஜான் ரோபக். கண்ணாடிக் குடம் உடையும். அதன் அளவுக்கும் எல்லை உண்டு. ஈயமோ திராவகத்தைத் தாங்கும், வேண்டிய அளவு பெரிதாக அறையே கட்டலாம். 1746ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரில் அவர் தம் கூட்டாளி சாமுவேல் கார்பெட்டோடு அமைத்த ஈய அறைகள் அந்த எல்லையை உடைத்துவிட்டன. 1749இல் எடின்பரோவுக்கு அருகே பிரஸ்டன்பான்ஸ் என்னும் ஊரில் அடுத்த ஆலை எழுந்தது.

மூன்றாமவர் பிரான்சிஸ் ஹோம் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர். லினன் துணியை வெளுக்க அக்காலத்தில் புளித்த மோரில் ஊறவைத்து, வெயிலில் விரித்து, மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். மோருக்குப் பதிலாக நீர்த்த விட்ரியாலை உபயோகிக்கலாம் என்று 1756இல் வெளியான தம் நூலில் அவர் காட்டினார்; நாள்கள் எடுத்த ஊறவைக்கும் வேலை மணிக்கணக்கில் முடிந்தது. அதுமுதல் வெளுப்புக் களங்களுக்குத் திராவகம் பெருமளவில் போகத் தொடங்கிற்று. தொழிலாளியின் கையும், சட்டையும், சில வேளை கண்ணும் அதன் குணத்தை அறிந்தன.

மேற்சொன்ன 1769ஆம் ஆண்டை இந்தச் சரித்திரத்தோடு பொருத்திப் பார்ப்பவர்களுக்கு விஷயம் தெளிவாகும். ரோபக்கின் ஈய அறைகள் எழுந்து இருபத்து மூன்று ஆண்டுகளில், பெயர்ச்சொல்லாகிய விட்ரியால் மனக்கசப்பின் பெயராக எழுத்தில் வந்துவிட்டது. காலம் ஒத்துவருவதால் மட்டுமே காரணம் நிரூபணமாகிவிடாது என்பதை அறிவேன். ஆனாலும் திராவகம் புட்டியிலிருந்து பீப்பாய்க்கு வந்த தலைமுறையிலேயே சொல்லும் பொதுப் பேச்சுக்கு வந்தது என்பதைத் தற்செயல் என்று தள்ள என் மனம் இசையவில்லை.

ரசாயனிகள் கைவிட்ட சொல்

18ஆம் நூற்றாண்டு முழுவதும் ‘விட்ரியாலிக்’ என்ற விசேஷணத்துக்குப் பிரதான வேலை ஒன்று இருந்தது. இன்று கந்தக அமிலம் என்று நாம் சொல்லுவதை ரசாயன நூல்கள் விட்ரியாலிக் அமிலம் என்றே எழுதின. இவ்வாறு விஞ்ஞானத்தின் கலைச்சொல்லாகக் கட்டுண்டு கிடந்த ஒன்றை வசைமொழிக்கு அடையாக்குவது எளிதன்று. படிப்பவர் மனத்தில் முதலில் எழுவது ஆய்வுக்கூடமே.

1787இல் பாரிஸ் நகரில் கித்தோன் தெ மோர்வோ, லவாசியே, பெர்த்தொலே, பூர்குருவா ஆகிய நால்வரும் ரசாயனப் பொருள்களுக்குப் புதிய பெயரிடும் முறையை வெளியிட்டனர். பொருளின் பெயர் அதன் கூறுகளை அறிவிக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. கந்தகத்திலிருந்து பிறக்கும் அமிலத்துக்குக் கந்தகத்தின் பெயரே உரியது என்று அவர்கள் விதித்ததும், விட்ரியாலிக் அமிலம் என்ற பெயர் படிப்படியாக நூல்களிலிருந்து நீங்கிற்று. வியாபாரிகளும் தொழிலாளிகளும் மட்டும் விட்ரியால் என்ற பழைய பெயரை நெடுங்காலம் விடாமல் வைத்திருந்தார்கள். இவ்வாறு பெயர்ச்சொல் ஆலையிலும் தெருவிலும் வாழ, விசேஷணம் வேலையற்று நின்றது. வேலையற்று நின்ற அதை இலக்கியமும் பத்திரிகையும் எடுத்துக்கொண்டன. அகராதிகள் இதைச் சொல்வதில்லை. நான் கால வரிசையிலிருந்து அனுமானித்தது. ஆயினும் பெயர்ச்சொல்லுக்கும் விசேஷணத்துக்கும் இடையே இரண்டு தலைமுறைக்கு மேற்பட்ட இடைவெளி ஏன் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தென்படவில்லை.

தெரு

அந்தத் தலைமுறைகளில் வேறொரு கொடுமையும் நிகழ்ந்தது. துணித் தொழில் பெருகிய கிளாஸ்கோ, திராவகமும் மலிந்த நகரமாயிற்று. மலிவாகவும் எளிதாகவும் கிடைத்த அந்தப் பொருளை மனிதர்கள் மனிதர்களின் முகத்தில் வீசத் தொடங்கினார்கள். நூற்பாலைத் தகராறுகளில், வேலைநிறுத்தத்தை மீறி வேலைக்குப் போனவர்கள்மேலும் முதலாளிகள்மேலும் விட்ரியால் வீசப்பட்டது. சொந்தப் பகையிலும் வீசப்பட்டது. 1820களில் ஸ்காட்லாந்துக்கென்று இயற்றிய சட்டங்களில், கெடுநோக்கோடு கந்தகத் திராவகம் வீசுவது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. இங்கிலாந்தில் 1861ஆம் ஆண்டின் சட்டமும் அரிக்கும் திரவத்தை ஒருவர்மேல் எறிவதைத் தனிக் குற்றமாக 29ஆம் பிரிவில் சொல்லுகிறது. பிரான்சில் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்குற்றம் செய்யும் பெண்ணைக் குறிக்கத் தனிச்சொல்லே பிறந்தது. கானன் டாயில் 1924இல் வெளியிட்ட ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் வஞ்சிக்கப்பட்ட பெண் ஒருத்தி வஞ்சகனின் முகத்தில் விட்ரியாலை வீசுகிறாள். கிரகாம் கிரீன் 1938இல் எழுதிய ‘பிரைட்டன் ராக்’ நாவலின் இளைஞன் அதைப் புட்டியில் அடைத்துச் சட்டைப்பையில் வைத்துத் திரிகிறான்.

இக்குற்றமே சொல்லின் உருவகப் பொருளுக்கு மூலம் என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது, 1769 அதற்குக் குறுக்கே நிற்கிறது. பெயர்ச்சொல்லின் உருவகம், சட்டம் இக்குற்றத்தைப் பெயர் சொல்லித் தண்டிக்க நேர்ந்த காலத்துக்கு அரை நூற்றாண்டுக்கு முற்பட்டது. ஆனால் விசேஷணத்தின் விஷயம் வேறு. அது வசைப்பேச்சுக்கு அடையாக எழுந்த காலமும், விட்ரியால் வீச்சுச் செய்திகள் பத்திரிகைகளில் இடம்பெற்ற காலமும் ஒன்றே. எனவே இரண்டு படிகளாகப் பிரித்துக் காண்பதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆலையிலிருந்து பெயர்ச்சொல் அரிப்பு என்ற அர்த்தத்தைப் பெற்றது; தெருவிலிருந்து விசேஷணம் நோக்கம் என்ற அர்த்தத்தைப் பெற்றது. அரிப்பு திராவகத்தின் குணம், நோக்கமோ வீசுகிறவனுடையது.

அண்டைச் சொற்கள்

இந்த வேறுபாடு வெறும் நுணுக்கம் அன்று என்பதை அண்டைச் சொற்களோடு ஒப்பிட்டால் உணரலாம். கூரிய மொழியைக் குறிக்க ஆங்கிலத்தில் விசேஷணங்கள் ஏராளம். ‘காஸ்டிக்’ எரிப்பதைக் குறிக்கும் கிரேக்க மூலத்தது. ‘மார்டண்ட்’ கடிப்பதைக் குறிக்கும் லத்தீன் மூலத்தது. ‘ட்ரென்சண்ட்’ வெட்டுவது. ‘அசெர்பிக்’ காயின் புளிப்பும் துவர்ப்பும். ‘சர்க்காஸ்டிக்’ என்பதற்கு மூலமான கிரேக்க வினை, சதையைப் பிய்ப்பதைக் குறிப்பது என்று பழைய இலக்கண ஆசிரியர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள்.

மூலத்தை மட்டும் பார்த்தால் இவற்றுட் சில விட்ரியாலிக் என்பதைக் காட்டிலும் கொடியவை. கண்ணாடியைவிடச் சதை பிய்ப்பது பயங்கரமன்றோ? வழக்கில் நிலைமை நேர்மாறானது. காஸ்டிக், மார்டண்ட் ஆகிய இரண்டும் நகைச்சுவை, புத்திக்கூர்மை என்னும் சொற்களோடு இயல்பாகச் சேர்ந்து நடக்கும். ஒரு எழுத்தாளரை அவற்றால் புகழவும் செய்யலாம். ஒரு வாதத்தை ட்ரென்சண்ட் என்றால் அது பாராட்டே. விட்ரியாலிக் சேரும் கூட்டமோ தாக்குதல், வசை, வெறுப்பு, பிரசாரம் என்பவை. அங்கதத்துக்கு அறிவு வேண்டும். கேட்பவன் ஒரு கணம் யோசித்தால்தான் அதன் முனை படும். விட்ரியாலிக் பேச்சுக்கு அந்த அறிவு வேண்டுவதில்லை. கருத்தைக் கண்டிக்கும் பேச்சும், தவறைத் திருத்தும் பேச்சும் எவ்வளவு காரமானவையாயினும் இப்பெயருக்கு உரியவை ஆகா; எதிரி இனிமேல் நாலு பேர் முன் முகம் காட்டலாகாது என்னும் எண்ணத்தோடு பேசப்படுவதே இப்பெயருக்கு உரியது. இந்த வரம்பைத் தெரு அன்றி ஆய்வுக்கூடம் தந்திருக்க முடியாது.

ஒலியொற்றுமையால் நேரும் மயக்கம் ஒன்றையும் நீக்கிவிடலாம். ‘விட்யூப்பரேட்டிவ்’ என்ற வசைச்சொல்லும், நஞ்சை மூலமாகக் கொண்ட ‘விருலண்ட்’ என்பதும் விட்ரியாலிக் என்பதோடு பிறப்பால் எவ்வித உறவும் இல்லாதவை. கண்ணாடிப் பாத்திரத்தில் நடத்தும் சோதனையைக் குறிக்கும் ‘இன் விட்ரோ’ என்பதே அதற்கு உண்மையான உடன்பிறப்பு.

தமிழில்

தமிழ் மரபு சொல்லின் கொடுமைக்குத் தீயை உவமையாக எடுத்தது. சுடுசொல் என்ற பழைய வழக்கே இதைக் காட்டும். அடக்கமுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் தீப்புண்ணையும் சொற்புண்ணையும் எதிரெதிரே வைக்கும்போது, தீப்புண்ணை ஆறக்கூடியதாகவும் சொற்புண்ணை ஆறாததாகவும் கொள்கிறார். ஆகவே உவமை பொருளுக்குக் குறைந்து நிற்க, அந்தக் குறைவே பாட்டின் பலமாகிறது. ஆங்கில உருவகம் எடுத்துக்கொண்ட புண்ணோ தானே ஆறாத தழும்பாவது. இரண்டும் ஒரே உண்மையை வெவ்வேறு வழியில் அணுகுகின்றன. அதனால் ‘சுடுசொல்’ என்பது விட்ரியாலிக் என்பதற்கு நெருங்கிய சொல்லே ஆயினும், கோபத்தில் வாய்தவறி வந்த சொல்லையும் அது குறிக்கும். கருதிச் செய்த கெடுதல் என்னும் கூறு அதில் கட்டாயமாக அடங்கியிருக்கவில்லை.

இன்னொன்றும் மறக்கத் தகாதது. ஆங்கிலேய வாசகனுக்கு இவ்வுருவகத்தின் பின்னேயுள்ள நிகழ்ச்சி பெரும்பாலும் பழங்கதையாகத் தோன்றலாம். நம் நாட்டில் இந்திய தண்டனைச் சட்டத்தில் 326ஏ, 326பி என்னும் பிரிவுகளைச் சேர்த்து, திராவக வீச்சைத் தனிக் குற்றமாக்கியது 2013ஆம் ஆண்டில்தான். அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் திராவக விற்பனைக்குக் கட்டுப்பாடுகளை விதித்தது. அந்தக் கொடுமைக்கு ஆளான பெண்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். ஒரு சட்டசபைச் சச்சரவை வர்ணிக்கப் பத்திரிகை எழுத்தாளர் ‘திராவகம் வீசினார்’ என்று உருவகமாக எழுதும்போது, படிப்பவர்களில் அச்சொல் உருவகமாகாத ஒருவர் இருக்கக்கூடும். மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கில உருவகத்தைத் தமிழில் அப்படியே இறக்கிவிடாமல், ‘நஞ்சு கக்கும்’ என்றோ ‘துவேஷம் நிறைந்த’ என்றோ இடத்துக்கு ஏற்றபடி எழுதுவதே தகும். ஆங்கிலம்–தமிழ் அகராதி தொகுப்போரும் விட்ரியாலிக் என்பதற்கு எதிரே ‘கடுமையான’, ‘காரசாரமான’ என்று மட்டும் குறித்துவிட்டு மேலே செல்லாமல், ‘ஆளைச் சிதைக்கும் நோக்கமுள்ள’ என்னும் விளக்கத்தையும் அடுத்த பதிப்பில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.